கதவோரம் நிற்பவர்கள்

தசரதனின் கணக்கில் மனிதர்கள் நாலே வகை. நந்திதுர்க் தங்கச் சுரங்க வாயிலில் இருபது வருஷமாக மணி கொடுக்கிற வேலை அவருக்கு. பூமிக்குள் இறங்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றிக் கம்பிக் கதவைச் சாத்தி, என்ஜின்காரருக்கு மணியால் சேதி சொல்ல வேண்டும். ஆள் ஏறியாயிற்று என்றால் மூன்று, இறக்கு என்றால் இரண்டு, நிறுத்து என்றால் ஒன்று. ஏற்றுகிற அந்த அரை நிமிஷத்துக்குள் ஒவ்வொருவரையும் எடை போட்டுவிடுவார்.

இடித்துக்கொண்டு முதலில் ஏறுகிறவன் முந்துகிறவன். உள்ளே போய் முதுகைச் சாய்க்கிறவன் மூலையாள். நடுவில் நின்று வாய் ஓயாதவன் பேச்சாள். கடைசியில் ஏறிக் கதவை ஒட்டி நின்று, கீழே போனதும் முதலில் இறங்கி நடப்பவன் கதவாள்.

பாறையில் துளை போடுகிறவர்களை ஜோடி சேர்க்கும் மேஸ்திரிகள்கூட இவரைக் கேட்பதுண்டு. முந்துகிறவர்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் முதல் ஷிஃப்டிலேயே சண்டை. மூலையாள் இரண்டு பேர் என்றால் எட்டு மணி நேரமும் மெஷின் சத்தம் மட்டும்தான். பேச்சாளுக்கு மூலையாள், அதுதான் பொருத்தம் என்பார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அவர் குடியிருந்த மாரிகுப்பத்தில் இவரைச் சேர்ந்த பௌத்தக் குடும்பங்கள் ஜாதகம் பார்ப்பதில்லை. ஆகவே மாப்பிள்ளை சுரங்கத்து ஆள் என்றால், பெண் வீட்டார் இவரிடம் வந்து, "பையன் கேஜுல எங்க நிப்பான்?" என்று கேட்டுவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

1964இல் அந்தக் கேள்வி அவர் வீட்டுக்கே வந்தது. மகள் லீலாவைப் பெண் கேட்டு, அதே சுரங்கத்தில் இறங்கும் ரத்தினம் வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். லீலாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"ஆவாது. அவன் கதவாளு" என்றார் தசரதன்.

"இருந்துட்டுப் போறான். அதுக்கு இன்னா?" என்றாள் மனைவி சுலோச்சனா.

"உம் பொண்ணு மட்டும் இன்னா? கல்யாணத்துக்குப் போனா வாசப்படியிலயே நிக்கிறா. ரெண்டும் கதவாண்ட நின்னா வூட்டுக்குள்ள யாருடி இருப்பா?"

"நைனா, நான் இன்னா கேஜுலயா குடித்தனம் பண்ணப்போறேன்?" என்றாள் லீலா.

"எல்லாம் கேஜுதான்."

"சரி, நீங்க எந்த வகை?" என்றாள் சுலோச்சனா.

"நான்தான் ஏர்றதே இல்லியே. எனக்கெதுக்கு வகை?"

சுலோச்சனா விட்டுக்கொடுக்கவில்லை. "பௌர்ணமிக்கு எல்லாரும் பேத்தமங்களா ஏரிக்குப் போறோம். பையனை ஒரு தபா வெயில்ல பாருங்க. அப்பவும் ஆவாதுன்னா, நானே சொல்லி அனுப்பிடறேன்" என்றாள். லீலா எழுந்துபோய் வாசல் கதவோரம் நின்றாள்.

புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமியன்று காலை பூஜை முடிந்ததும் வாடகை பஸ்ஸில் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் புளிச்சோறு சாப்பிட்டார்கள். போகும்போதே தசரதன் கவனித்துவிட்டார். ரத்தினம் படிக்கட்டில் ஒரு பக்கம், லீலா மறு பக்கம். நாள் முழுக்க வெயிலில் பார்த்தும் அவர் எண்ணம் மாறவில்லை.

நாலு மணிக்குத் திரும்பத் தயாரானார்கள். தசரதன் பஸ் கதவருகே நின்று ஒவ்வொருவராக ஏற்றினார். பேச்சாள் தங்கவேலு நடுவில் நின்று கதை ஆரம்பித்தார். சுலோச்சனா மூலை ஜன்னலில் காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கடைசியாக அந்த இரண்டு பேரும் ஏறினார்கள். தசரதன் கதவைச் சாத்தி, தகரத்தில் மூன்று தட்டு தட்டினார். கொஞ்சம் விட்டு இரண்டு. டிரைவர் கொர்னேலியஸ் கியரைப் போட்டார். பஸ் போயிற்று.

தசரதன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, அடுத்த கும்பலுக்காகத் திரும்பினார். இரண்டு எருமைகள் நின்றிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. "டேய், நிறுத்துங்கடா!" என்று கத்தினார். புழுதிதான் வாய்க்குள் போனது. ஊரில் ஒருவர் விடாமல் தன் கையாலேயே ஏற்றி அனுப்பியாகிவிட்டது. இனி யார் கவனிப்பார்கள்?

புழுதிக்குள்ளிருந்து தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று.

பஸ் நின்றது. ரத்தினம் குதித்து ஓடி வந்தான். லீலா படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "அண்ணே, நைனா வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க!" என்று டிரைவரை மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, அடுத்த கேஜுக்கு நிக்கிறீங்களா?" என்றான் ரத்தினம், மூச்சு வாங்க. சுரங்க வாயிலில் இதுநாள்வரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

தசரதன் அதைக் கவனிக்காத மாதிரி நடந்தார். "எப்பிட்றா பாத்தே?"

"கதவாண்ட நிக்கிறவன் வெளிய பாக்காம வேற இன்னாத்தப் பாப்பான்? டெய்லி கடைசியா உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தானே இறங்குறேன்."

தசரதன் நடையை எட்டிப் போட்டு பஸ்ஸில் ஏறினார்.

உள்ளே தங்கவேலு அப்போதுதான் கதையை நிறுத்தியிருந்தார். "ஓ, நீ ஏறலியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வூட்டுக்குள்ள யாரு இருப்பான்னு கேட்டீங்களே. உள்ள இருந்தவ நான். தூங்கிட்டேன்" என்றாள்.

தசரதன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஆவணியில தேதி பாக்கச் சொல்லு" என்றார். படிக்கட்டில் நின்ற இரண்டு பேரும் வெளியே பார்ப்பது போல் பாவனை செய்தார்கள்.

அதற்குப் பிறகும் பெண் வீட்டார் வந்து கேட்கத்தான் செய்தார்கள். மற்ற மூன்று வகைக்கும் பதில் பழையதுதான். கதவாள் என்றால் மட்டும், "நம்ம பொண்ணும் அப்பிடித்தானா? குடுங்க, குடுங்க. எங்கயும் யாரையும் வுட்டுட்டு வராதுங்க" என்பார்.