விசில் இல்லாத விளையாட்டு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஏதாவது ஒரு கட்டிடத்தில், இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பார். சனிக்கிழமை வந்தால் போதும், பிளாஸ்டிக் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்குத் தட்டு மாஸ்டர் என்றே பெயர். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்தான். நாற்பத்தைந்து வயது ஆள் தட்டு எறிந்து விளையாடினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பெருமையாக இருக்கும்?

ஆனால் அவர் தனக்காக இதை ஆரம்பிக்கவில்லை. எங்கள் மகள் வாண்டுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளியில் கூடைப்பந்து அணியில் சேர்த்தோம். மற்ற பிள்ளைகள் விசில் சத்தத்துக்கு நின்றுவிடுவார்கள், இவள் மட்டும் பந்தோடு ஓடிக்கொண்டே இருப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். திரும்பிப் பார்த்த பிறகுதான் இவளுக்கு விஷயம் புரியும். ஒரு நாள் ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

அந்த நேரத்தில்தான் இவர் லிஃப்ட் வேலைக்குப் போன ஓர் அலுவலகத்தில் சிலர் தட்டை எறிந்து பிடிக்கும் அல்டிமேட் ஃபிரிஸ்பி ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் நடுவர் கிடையாது, விசில் கிடையாது. தப்பு நடந்தால் ஆடுகிறவர்களே கையைத் தூக்கி நிறுத்தி, தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் இருபது பேரை இவர் பிடித்துச் சேர்த்தார். ஒரே ஒரு சட்டம் கூடுதலாக வைத்தார்: மைதானத்துக்குள் சண்டை என்றால் வாயைத் திறக்கக் கூடாது, கைச் சைகையால்தான் போட வேண்டும். வாண்டு போடுகிற சண்டையைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த ஷூ வெளியே வந்தது.

நான்கு வருடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மைதானத்துக்கு வாடகை என்றார்கள். அது எங்கள் சக்திக்கு எட்டாது. உதவித்தொகை கேட்டு இவர் இரண்டு இடங்களுக்கு மனுப் போட்டார். "தட்டு எறியறதுக்கா பணம் கேக்குறீங்க?" என்று ஒருவர் போனிலேயே சிரித்தாராம். இன்னொரு இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது, விளையாட்டுக்கென்றே உதவுகிற ஓர் அறக்கட்டளை. அதன் விண்ணப்பத்தில் நடுவரின் பெயரைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று இருந்தது. இவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"உங்க தம்பி பேரைப் போட்டுத் தொலைங்களேன். யாரு வந்து பாக்கப்போறா?"

"போட்டா அவன் விசிலோட வந்து நிக்கணும்மா. விசில் உள்ள வந்தா, நம்ம பொண்ணு வெளிய போயிடுவா."

"மைதானமே போயிட்டா மட்டும்?"

அவர் பேனாவை எடுத்தார். 'நடுவர் இல்லை. எங்கள் அணியில் காது கேளாத குழந்தை ஒருத்தி இருக்கிறாள், அவளும் ஆட முடிவது இதனால்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன்.

நேரில் பார்க்க அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் குடை, முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இல்லை. பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். பயத்தில் இவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டார். ஆக மொத்தம், அந்த அம்மாவிடம் மாட்டிக்கொண்டது நான்.

வாண்டு எகிறிப் பிடித்தாள். கோட்டுக்குள் நின்று தட்டைப் பிடித்தால் ஒரு பாயிண்ட். உடனே எதிர் அணி நெட்டைப் பெண் கையைத் தூக்கினாள். ஆட்டம் அப்படியே நின்றது. ஆறேழு பேர் கூடி, கையை வீசி வீசி ஒரே ரகளை. ஒருத்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சத்தம் மட்டும் துளி இல்லை.

"இப்ப யாரு முடிவு சொல்லுவாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அவங்களேதாங்க."

வாண்டு கீழே குனிந்து பார்த்தாள். கால் கோட்டில் பட்டிருந்தது போலிருக்கிறது. தன் காலைத் தானே காட்டி, உதட்டைப் பிதுக்கி, தட்டை நெட்டைப் பெண்ணிடம் கொடுத்தாள். பாயிண்ட் போயிற்று. இன்றைக்குப் பார்த்தா இப்படிச் செய்ய வேண்டும்?

அந்த அம்மா காகிதத்தைப் புரட்டினார். "காது கேக்காத ஒரு பிள்ளைன்னு எழுதியிருந்தீங்களே. அந்தப் பிள்ளை இன்னைக்கு வரலையா?"

வாண்டு நின்ற பக்கம் கையை நீட்டினேன்.

"யாரு, அந்த நெட்டைப் பொண்ணா?"

"இல்லைங்க. இப்ப தட்டைக் குடுத்தாளே, அவ. என் பொண்ணு."

அவர் குடையை மடக்கி வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்தார். போகும்போது, "நடுவர் பேரு இல்லாததை நான் பேசிக்கறேன்" என்றார். அப்படியே பேசினார், பணமும் வந்தது.

அன்றைக்கு அந்த அம்மா போனதும் இவர் கேனோடு ஓடி வந்தபோது நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "என்னாச்சு? இல்லைன்னுட்டாங்களா?"

"இவ்வளவு நேரம் பாத்தும் இதுல காது கேக்காத பிள்ளை யாருன்னு அவங்களுக்குக் கண்டுபிடிக்க முடியலைங்க."

அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.