லாடம் அடிக்க வந்த ரபேல்

“இன்னொரு தடவ நடத்து தம்பி” என்று சொல்லிவிட்டு ரபேல் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். இது ஒன்பதாவது தடவை. எங்கள் சாலாக் செலாத்தான் பகுதியின் வெயிலில், என் வீட்டுப் பின்புறச் சிமெந்துத் தரையில், குதிரையைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். குதிரையை இன்னும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

செந்தூல்காரர். வயது அறுபதை நெருங்குகிறது. முப்பது வருஷமாகப் பந்தயக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். சுத்தியல், குறடு, அரம் எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில் அடக்கம். ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசுவார். பாதி புரியாது, திரும்பக் கேட்டால் கோபம் வரும். குதிரைக் காலில் ஒரு கீறலைப் பொறுக்காதவர், தான் போட்டிருப்பதோ குதிகால் தேய்ந்த ரப்பர் ஜப்பான் சிலிப்பர். ஆள் விட்டால் வரமாட்டார். தனக்குத் தோன்றும்போது ஹோண்டா மோட்டார்சைக்கிளில் வந்து நிற்பார்.

குதிரை லேசாக நொண்டுவதைப் பார்த்து, நான் மூன்று வாரமாக ஆள் விட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குத் தோன்றியது இன்று. நாளைக் காலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு பஞ்சாபிக் கல்யாணம். மாப்பிள்ளை என் குதிரை மேல்தான் வரவேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

“அண்ணே, சட்டுன்னு அடிச்சிருங்களேன்.”

“அவசரக்காரன் மோட்டார்தான் வாங்கியிருக்கணும்லா.”

ஒருவழியாக எழுந்து முன்னங்காலைத் தூக்கினார். முகம் மாறியது.

“லாடத்த யாரு கழட்டுனா?”

நான்தான். முன்பு என்னிடமிருந்த தீமோர் மட்டக்குதிரை ஆறு வருஷம் லாடமே இல்லாமல் தார் ரோட்டில் ஓடியது. பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட இந்தக் குதிரையை வாங்கியபோது, இதற்கு மட்டும் எதற்கு என்று நாலு மாதம் முன்பு கழற்றிவிட்டேன். அதை அவரிடமும் சொன்னேன்.

“அது கல்லுலயே நடந்த வம்சம். காலு இரும்பு. இது ரேஸ் குதிரை, குளம்பு மெலிசு. ரெண்டுக்கும் ஒரே சட்டம் போட்டா எப்படி?”

“அப்ப ரேஸ் குதிரைன்னா லாடம் வேணும்தானே? அடிங்க.”

“யாரு சொன்னா? வெறுங்காலோட நல்லா நடக்கிற ரேஸ் குதிரையும் இருக்கு. வம்சத்தக் கேட்டுக்குவேன். கால பாத்துத்தான் அடிப்பேன்.”

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வேண்டும் என்றாலும் மறுக்கிறார், வேண்டாம் என்றாலும் மறுக்கிறார். இவரோடு பேசுவதற்குப் பேசாமல் குதிரையோடு பேசலாம்.

“சரி, இதோட காலு என்ன சொல்லுது?”

“ஓரமெல்லாம் ஒடஞ்சி கிடக்கு. ஆணி எங்க பிடிக்கும்? ரெண்டு மாசம் புல்லுல விடு. வளரட்டும். அப்புறம் வரேன்.”

“நாளைக்கு ஒரே ஒரு நாளு அண்ணே. அர மைலுதான். மாப்பிள்ளகூட ஒல்லி.”

அவர் மறுபடியும் குனிந்தார். குளம்பைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். என் கட்டைவிரலைக் குளம்பின் அடிப்பாகத்தில் வைத்து அழுத்தினார். கல்லாக இருக்க வேண்டிய இடம் அமுங்கியது. வலியில் குதிரை உடம்பெல்லாம் நடுங்கியது.

ரபேல் என் கையை விடவில்லை.