சந்தனம் வைத்த ரிவால்வர்

ஆயுத பூஜை முடிந்து பலகையைத் தூக்கும்போது அதிலிருந்த ரிவால்வர் நழுவித் தரையில் விழுந்தது. மாமனாருடையது. தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கியிருந்தார். அவருக்குப் பின் என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. குட்டையான குழல். வருஷா வருஷம் அரிவாள், மண்வெட்டியோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவோம். விழுந்ததில் கைப்பிடி மரம் பிளந்துவிட்டது. எதிரே மாசமாக இருந்த மகள் உட்கார்ந்திருந்தாள்.

வேறு பிடி மாட்ட, கோயமுத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். அதே கம்பெனிப் பிடி என்று இவர் பக்கத்துக்கொன்றாக ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தார். கடைக்கார பாய் அதைத் தொடவே இல்லை. முதலில் குண்டு போடும் உருளையைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை.

"காலிங்களா?"

"அப்பா காலத்துலயே காலிங்க பாய்."

"நீங்க திறந்து பாத்தீங்களா?"

இவர் பிடி ஜோடியை பாய் பக்கம் நகர்த்தினார்.

"ஏனுங்க, பாத்தீங்களா இல்லீங்களா?" என்றேன் நான்.

"அப்பா சொன்னாருங்கறேனில்ல அம்மணி!"

தப்பி வெடித்தால் குண்டு புதைய வைத்திருந்த மணல் பெட்டிப் பக்கம் பாய் குழலைத் திருப்பினார். "ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. சந்தனத்த அப்பி அப்பிச் சிமெண்டாட்டம் இறுகிக் கெடக்குது. சாமி கும்புட்டீங்களா, கொத்து வேலை செஞ்சீங்களா?"

வெளியே பஸ் ஹாரன் அடித்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது. 'மாசாணியம்மா, காலியா இருக்கோணும் தாயே.' வாயில் வேறொன்றும் வரவில்லை.

பாய் உள்ளே கூப்பிட்டார். மேசைத் துணியில், பச்சை பூத்துப்போன ஒரு குண்டு கிடந்தது.

அதற்கு முன்னால்தான் இத்தனை வருஷம் நெற்றி தரையில் படக் கும்பிட்டிருக்கிறோம். அன்று விழுந்தபோது குழல் எந்தப் பக்கம் பார்த்தது? நினைக்க நினைக்க மகளின் வயிறுதான் கண்ணில் வந்தது.

பிறகுதான் பாய் பிடியைக் கழற்றினார். இவர் கொண்டுவந்தது உட்காரவில்லை. "கம்பெனி சரிதாங்க. ஆனா இது பிடியோட அடி சதுரமா இருக்கற துப்பாக்கிக்கு. உங்களது அடி வளைஞ்சது." பழைய டப்பாவைக் கிளறி வளைந்த அடிக்கு ஒரு ஜோடி எடுத்தார். வைத்துப் பார்ப்பதும் உப்புத்தாளில் தேய்ப்பதுமாக இருந்தார். திருகாணியை முடுக்கியதும் இடுக்கே தெரியாமல் பொருந்தியது.

காலித் துப்பாக்கியை வாங்கிய இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எப்படி உக்காந்துபோச்சு, பாரு!" என்று துப்பாக்கியோடு என் பக்கம் திரும்பினார்.

காலி என்று கண்ணால் பார்த்திருந்தும் நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

இவர் சிரிப்பு நின்றது. துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்தார். "பாய், புள்ள பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்திருக்குதுங்க. இது இங்கயே டெபாசிட்ல இருக்கட்டுங்க."

ரசீதில் கையெழுத்துப் போடும்போது இவரும் குழலுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கியே நின்றார்.