ஷாலினிக்கு ஒரு எட்டு கம்மி

போன வாரம் பள்ளிகளுக்கான மண்டல விளையாட்டுப் போட்டி. திருவொற்றியூரிலிருந்து மருமகளோடு காலையிலேயே போய், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேடிக்கை பார்க்கவா? பயந்து சாக!

என் பேத்தி ஷாலினி ரிலே ஓடுகிறாள். ஓடுகிறாள் என்பது மரியாதைக்கு... ரயில் கிளம்பினாலும் நடந்தே போகிற பிள்ளை அது. டீமில் ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு ஆள் இல்லாமல் பி.டி. சார் இவளைச் சேர்த்துக்கொண்டார்.

இவள் தோற்றால் தோற்கட்டும். என் கவலை தமிழரசி. எங்கள் தெருப் பெண், கடைசியாக ஓடுகிறவள். அவள் அப்பா காசிமேட்டில் மீன் கூடை இறக்குகிறார். முதல் இரண்டு இடத்தில் வந்தால்தான் மாவட்டப் போட்டி. அங்கே ஓடினால்தான் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கிறவர்கள் கண்ணில் படுவாள். என் வீட்டுப் பிள்ளையால் அது கெட்டுப்போனால்?

முந்தின நாள் தமிழரசியிடமே கேட்டேன்.

"ஏம்மா, இவளுக்கு வயித்து வலின்னு சொல்லிடட்டா?"

"சும்மா இரு தாத்தா. மூணு பேரு ரிலே ஓட முடியுமா? நாங்க ஒரு ஐடியா வெச்சிகீறோம்."

"இன்னா ஐடியா?"

"குச்சி மாத்த நீளமா ஒரு கட்டம் கீதுல்ல? அதுக்குள்ள எங்க மாத்தினாலும் ஓகே. ஷாலினி மூணாவது ஓடறா. அவளுக்கு முன்னாடி ஓடறவ, கட்டம் முடியற எடம் வரிக்கும் ஓடியாந்து குடுப்பா. நான் என் கட்டத்துல ஆரம்பத்துலயே வாங்கிப்பேன். இவளுக்கு தூரம் கம்மி, எங்களுக்கு ஜாஸ்தி."

"கள்ளாட்டம் இல்லியே?"

"சாரைக் கேட்டுட்டோம். கூடை கைமாத்தறப்போ யாருக்குனா ஒடம்பு முடியலன்னா, ரெண்டு பக்கமும் ஆளுங்க ஒரு எட்டு கிட்ட வந்து நிப்பாங்கன்னு எங்க நைனா சொல்லும். அதான் இது!"

ஹார்பரில் மூட்டை கைமாற்றியே கிழவனானவன் நான். காய்ச்சலோடு வேலைக்கு வந்த என் தோஸ்து பாஷாவுக்கு — டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை கேட்பான், அது தனிக் கதை — எத்தனை நாள் இப்படிக் கிட்டே போய் நின்றிருக்கிறோம்! ரேஸுக்கு அது உதவும் என்று ஒரு நாளாவது தோன்றியதா? எனக்கு ரூல் என்றாலே கூடாததன் பட்டியல். இந்தப் பிள்ளைகள் அதில் எது கூடும் என்று தேடியிருக்கிறார்கள்.

ரேஸ் ஆரம்பித்தது. ஷாலினி குச்சியை வாங்கியபோது எங்கள் டீம் இரண்டாவது. நாலு எட்டு வைப்பதற்குள் ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தியும் தாண்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாமா, கண்ணத் தொறங்க! குடுத்துட்டா!" மருமகள் கத்தினாள்.

முந்திப்போன டீம்களில் மூன்றாவது பெண்களே இன்னும் ஓடிக்கொண்டிருக்க, தமிழரசி குச்சியோடு பறந்துகொண்டிருந்தாள். கோட்டைத் தொட்டபோது... இரண்டாவது!

சாயங்காலம் டீக்கடையில் தமிழரசியின் அப்பா எதிரே வந்தார்.

"அண்ணே, உன் பேத்தி நல்லா ஓடுச்சாமே?"

"எங்கப்பா ஓடுச்சு? அதுக்குத்தான் தூரத்தையே கொறச்சிட்டாங்களே!"

"கொறச்சது போக மீதிய அதுதானே ஓடுச்சு?"

எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான்.