கட்டுச்சோறு ஏறிய வண்டி

எங்கள் வண்டியைப் பார்க்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "ஐஸ் இருக்கா?" என்பதைத்தான். குற்றம் சொல்ல முடியாது. ஜீப்புக்குப் பின்னால் இழுபட்டு வரும் வெள்ளைப் பெட்டி, இரண்டு சக்கரம், பக்கத்துக்கு ஒரு சின்ன ஜன்னல், பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கிற கதவு. ஐஸ் வண்டி மாதிரித்தான் இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் தண்ணீர் கேனும் அஞ்சறைப் பெட்டியும் இருக்கும்.

என் வீட்டுக்காரர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வாழ்நாளில் பாதியை மெஷின் இரைச்சலுக்குள் கழித்ததில் காது பாதி போய்விட்டது. வேலையை விட்டு வந்தபின் வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியவில்லை. நல்ல குழாயைக் கழற்றி மாட்டுவார், ஓடுகிற ஃபேனை இறக்கி ஏற்றுவார். ஒருநாள் பழைய காரின் அச்சு ஒன்றை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். "இது எதுக்கு?" என்றேன். "ரெண்டு பேரும் ஊர் சுத்த" என்றார். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் சொன்னதைச் செய்துவிட்டார். அந்தப் பெட்டியைப் பதிவு பண்ணி நம்பர் வாங்க அவர் அலைந்தது தனிக் கதை.

நான் அப்போது பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கொசுவலை கேட்டார். கம்பெனியில் ஓரம் கிழிந்து கழித்த காஸ் துணியை, புண்ணுக்குக் கட்டுகிற அந்த வலைத் துணியை, கேட்டு வாங்கி, இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொசு வராது, காற்று வரும். உள்ளே படுத்தால் ஆஸ்பத்திரி வாசனை லேசாக அடிக்கும், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் பேசாமல் இல்லை. "புள்ள குட்டி இல்லாதவுக கோயில் கொளம்னு போகாம, தோப்புல போய்ப் படுத்துக் கெடக்காவ" என்று என் நாத்தனாரே ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடச் சொன்னாள். புள்ளை இல்லை என்கிற பேச்சு எனக்குப் புதிதல்ல. வளைகாப்பு, தொட்டில் போடுவது என்று அழைப்பு வந்தால், பணத்தை மொய் எழுதிவிட்டுப் பந்தி பரிமாறுகிற பக்கம் போய்விடுவது என் பழக்கம். யாரும் போகச் சொன்னதில்லை. வா என்று கூப்பிட்டதும் இல்லை.

முதல் பயணம் மம்சாபுரம் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்கு. அவரோடு மில்லில் வேலை பார்த்தவருடைய தோப்பு. காலையில் கட்டிலில் இருந்து எழுந்திருப்பது போல இல்லாமல், பெட்டியின் கதவைத் தூக்கிக் காலைத் தொங்கப் போட்டால் எதிரே மலை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொன்னார். வீட்டில் எப்போதும் கத்தித்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும். அங்கே குரல் தானாக இறங்கியிருந்தது. நான் கிட்டப் போய், "என்ன சொன்னீக?" என்று கேட்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "டீக்கு இஞ்சி தட்டிப் போடு" என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அதன்பின் அவர் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போக ஆரம்பித்தேன்.

மழை முடிந்து வெயில் இன்னும் ஏறாத தை மாதம் ஒன்றில் வத்திராயிருப்புப் பக்கம் போகலாம் என்று கிளம்பினோம். கண்மாய்கள் நிறைந்திருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்திப் பால்கோவா வாங்கினார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன் என்றார், நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு புளியமரத்தடியில் சின்ன லோடு வண்டி ஒன்று முன்சக்கரம் மடங்கிச் சாய்ந்து நின்றது. பட்டு வேட்டி கட்டிய ஒருவர் நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினார். மரத்தடியில் பட்டுச்சேலையில் ஒரு அம்மா, தூக்குவாளியைக் கட்டிப்பிடித்தபடி அழுகிற முகத்தோடு நின்றாள்.

வீட்டுக்காரர் ஜீப்பை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"வளைகாப்புங்க!" என்றார் வேட்டிக்காரர்.

"வழி காட்டவா? எந்த ஊருக்குப் போகணும்?"

"வளைகாப்பு! வளைகாப்பு!"

"அதான் கேக்கேன், எந்த ஊருக்கு?"

நான் இறங்கிப் போய் விசாரித்தேன். அந்த அம்மாவின் மகளுக்கு வ. புதுப்பட்டியில் மாமியார் வீட்டில் அன்றைக்கு வளைகாப்பு. பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டு மம்சாபுரத்திலிருந்து வருகிறார்கள். ஆட்களெல்லாம் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சோறு ஏற்றிய வண்டி மட்டும் இப்படி ஆகிவிட்டது. வேட்டிக்காரர் பெண்ணின் சித்தப்பா. வேறு வண்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள், வந்து சேர நேரமாகுமாம்.

"ராகு காலம் பொறக்கதுக்குள்ள வளையல் போடணும்னு அங்கன அவிய நிக்காவ. தாய் வீட்டுச் சோறு இல்லாம எப்பிடி ஆரம்பிப்பாவ?" என்றாள் அந்த அம்மா.

நான் திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தேன். வீட்டுக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மெத்தைய எடுத்து ஜீப்புல போடுதேன்" என்றேன்.

புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக எங்கள் படுக்கையில் ஏறியது. சர்க்கரைப் பொங்கலைக் காலால் மட்டும் தாண்டாதீர்கள் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். லோடு வண்டி டிரைவர் தன் வண்டியோடு தங்கிவிட, சித்தப்பா எங்கள் பெட்டிக்குள் குந்தி உட்கார்ந்து இரண்டு அண்டாவை இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். அவருக்கு மேலே ஜன்னலில் என் காஸ் துணி ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளேயிருந்து, "ஐயா, மெதுவா!" என்று சத்தம் வரும். ஓட்டுகிறவருக்கு அது கேட்காது. நான் அவர் தோளைத் தட்டுவேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு இப்போதுதான் மூச்சு சீரானது. ஒரே மகள், தலைப்பிரசவம், மசக்கையில் ரொம்பச் சிரமப்பட்டாள் என்றெல்லாம் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"உங்களுக்கு எத்தன பிள்ளைய?"

"இல்லம்மா."

அவள் ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்றும் கேட்கவில்லை. மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்து ஒரு அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "காலைல ஒண்ணும் சாப்ட்ருக்க மாட்டீக" என்றாள். உண்மைதான், சாப்பிட்டிருக்கவில்லை.

புதுப்பட்டியில் அந்த மாமியார் வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றபோது எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. "சோறு வந்துட்டு!" என்று பந்தலே எழுந்து வந்தது. இளைஞர்கள் அண்டாக்களை இறக்கினார்கள். குழந்தைகள் ஐஸ் கேட்டு வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் ஓரமாகப் போய், பெட்டிக்குள் சிந்திய சர்க்கரைப் பொங்கலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம்.

அந்த அம்மா பந்தலிலிருந்து வேகமாக வந்தாள். "என்ன இங்கன நிக்கீக? வாங்க, வளையல் போடணும்."

"நீங்க போடுங்கம்மா. நான் போடுத வழக்கமில்ல."

"யாரு வச்ச வழக்கம்?"

அவள் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே நாற்காலியில் அந்தப் பெண், மாலையும் கழுத்துமாக, கன்னமெல்லாம் சந்தனம். பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண் என்னைப் பார்த்துவிட்டு, "இவிய யாரு? எத்தன பிள்ளைக்காரி?" என்று கேட்டாள். கெட்ட எண்ணமில்லை, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். எனக்குக் கால் பின்வாங்கியது.

"இவிய வரலைன்னா இன்னைக்கு எம் மகளுக்குத் தாய் வீட்டுச் சோறு இல்ல மதினி" என்றாள் அந்த அம்மா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "மொதல்ல இவிய போடட்டும்."

நாற்காலியிலிருந்த பெண்ணும் விடவில்லை. "அத்தே, எனக்குக் கை வலிக்கி. சீக்கிரம் போடுங்க" என்று சொல்லி இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிவிட்டாள். கேள்வி கேட்ட அந்த வயதான பெண்ணே வளையல் தட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

கர்ப்பத்தில் கை கொஞ்சம் வீங்கியிருந்தது. கண்ணாடி வளையல் உடைந்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம். அவள் விரல்களைக் குவித்து, மெல்ல அழுத்தி, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று ஏற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை. நெற்றியில் குங்குமம் வைக்கும்போது அவள் கண்ணைச் சிமிட்டினாள். "புளியோதரை வாசம் அடிக்கி உங்க மேல" என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

பந்தி முடிந்தும் எங்களை விடவில்லை. பெண்ணின் மாமனாருக்கு ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு இருக்கிறது. "எங்க போய் வண்டியப் போடப் போறீக? நம்ம தோப்புல கெணறு இருக்கு, மோட்டார் ரூம்ல லைட் இருக்கு" என்று முன்னால் பைக்கில் போய் வழி காட்டினார்.

சாயங்காலம் கிணற்றுத் தொட்டியில் கால் கழுவிவிட்டு, பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தோம். மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நாள் முழுக்க வாசலிலேயே இருந்தவர், உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"உள்ள ரொம்ப நேரம் இருந்தியே, என்னட்டி செஞ்ச?" என்றார்.

"வளையல் போட்டேன்."

"என்னது?"

"வளையல் போட்டேன்! நாந்தான் மொதல்ல போட்டேன்!"

பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நான் பந்தி பரிமாறப் போனதையெல்லாம் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. அவர் எழுந்து, பெட்டிக்குள்ளேயே கிடந்து அண்டா சாய்ந்து நனைந்திருந்த விரிப்பை எடுத்துப்போய் கிணற்றடியில் தானே அலசினார். எவ்வளவு அலசியும் புளியோதரை எண்ணெய் போகவில்லை. அன்றைக்கு அதிலேதான் படுத்தோம், எறும்புகளோடு.

அந்தப் பெண்ணுக்கு மகள் பிறந்தாள். இப்போது ஓடி விளையாடுகிறாள். மம்சாபுரத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குப் போன் வரும், நாங்களும் போவோம். குழந்தைக்கு என் வீட்டுக்காரரின் காதுக்குள் கத்துவதில் ஒரு ஆனந்தம். அவரும் கேட்காத மாதிரியே நடித்து இன்னொரு தடவை கத்த வைப்பார்.

பயணங்களும் நிற்கவில்லை. போன மாதம் செங்கோட்டைப் பக்கம் போனோம். போன அன்றிலிருந்து சாரல். வெளியே அடுப்பு வைக்க வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு, முறுக்கைத் தின்றபடி படுத்திருந்தோம். பெட்டியின் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. "நல்லா இருக்குல்ல?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மிச்சமிருந்த முறுக்கை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன்.