வெயில் மேல் போட்ட பழி

இந்த மலாய் நாட்டுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. எங்கள் தோட்டத்துத் துரை ரப்பர் மரங்களுக்கு அடியில் நடக்கும்போதும் தலையில் கனத்த தக்கைத் தொப்பியோடுதான் நடப்பார். முற்றிய ரப்பர்க் காட்டுக்குள் வெயில் விழாது. உச்சிப்பொழுதிலும் எங்கள் பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்ததுபோல் பச்சை மங்கலும் மண் ஈரமும்தான் இருக்கும். ஆனாலும் துரை பங்களா வாசலிலிருந்து காருக்குப் போகும் பத்தடிக்குக்கூட அந்தத் தொப்பி வேண்டும். துரைகள் மாறியிருக்கிறார்கள், தொப்பி மாறவில்லை.

வந்த புதிதில், முதல் துரையிடம் என் பள்ளிக்கூட இங்கிலீஷில் கேட்டேன், இங்கே வெயிலே இல்லையே, தொப்பி எதற்கு என்று. தொப்பியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு “சன்ஸ்ட்ரோக்” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நடந்தார். சன் என்றால் சூரியன் என்று தெரியும். ஸ்ட்ரோக் என்பதை நாமக்கல் பள்ளிக்கூடத்தில் கையை நீட்டிக் கற்றுக்கொண்டவன் நான். ஹெட்மாஸ்டர் ‘ஸிக்ஸ் ஸ்ட்ரோக்ஸ்’ என்றால் ஆறு பிரம்படி. ஆக, சூரியன் பிரம்பை எடுத்துத் துரையை அடிக்குமாம். அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. நம் ஊரிலும் வெயில் அடிக்கத்தான் அடிக்கிறது. அந்த அடியில் வலியும் இல்லை, அடிபட்டவரும் இல்லை. நல்லா வெயில் அடிக்குது, சோளத்தைக் காயப் போடு என்போம். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை நான் மறக்க முடியாமல் போனது செங்கோடன் என்பவரால். பரமத்திக்கு வடக்கே, மழையை நம்பிய மேட்டு நிலத்துக்காரர். கிணறு வெட்டுகிற தொழில். அந்தப் பக்கத்தில் நாலு முழம் மண்ணுக்குக் கீழே பாறைதான். சித்திரை மாதத்தில் தண்ணீர் கீழே போனபிறகுதான் கிணற்றில் இறங்கி வெட்ட முடியும். தலைக்கு நேரே சூரியன், சுற்றிலும் சுட்ட பாறை, அதற்குள் நின்று கடப்பாரை போட்டவர் அவர். மழை தொடர்ந்து பொய்த்து, கிணறு வெட்டச் சொல்ல யாரும் இல்லாமல் போனபோது தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி ஒருவர் பின்னால் கப்பல் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். நான் அங்கே கிராணி, கணக்கு எழுதுகிறவன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு, அவரவரை வேலைக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஊரில் இருந்திருந்தால் நான் அவரை வா போ என்றுதான் பேசியிருப்பேன், அவர் எட்டி நின்றுதான் பதில் சொல்லியிருப்பார். இங்கே ஒரே தாலுக்காக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அவருக்கு வாங்க, போங்க கிடைத்தது. மாதம் ஒருமுறை அவர் மனைவி பாப்பாயிக்கு நான்தான் கடிதம் எழுதித் தருவேன்.

ஒரு வாரம் கம்பெனிப் பெரிய துரை தோட்டத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்குள் மர வரிசைகளுக்கு நடுவே கால்வாய் வெட்டி முடிக்க வேண்டும். பெரட்டில் பேரைக் கூப்பிட்டேன். செங்கோடன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

“காச்சலுங்க. மூணு நாளாக் குளுரு எடுக்குது. இன்னிக்கு முடியாதுங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற துரை என்ன என்று கேட்டார். ஃபீவர் என்றேன். “பெரிய துரை வரும் வாரத்தில் எல்லோருக்கும் ஃபீவர்” என்று சொல்லிவிட்டு அடுத்த பேருக்குக் கையைக் காட்டினார். நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. நான் செய்ததெல்லாம், குரலைத் தாழ்த்தி, “இன்னிக்கு ஒரு நாளைக்குப் போயிட்டு வாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று சொன்னதுதான். அவர் கம்பளியை மடித்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் கால்வாய்க்குள் விழுந்து கிடந்தவரைச் சாக்கில் தூக்கி வந்தார்கள். தொட்டால் கை சுட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. “பாறை முடிஞ்சுது. தண்ணி கண்டுச்சாங்க? பாருங்க” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கண்டாச்சு என்று நான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஒரு மலையாளி, படித்தவர். மரணப் பதிவில் பென்சிலால் ‘மலேரியா’ என்று எழுதியிருந்தார். துரை வந்து பார்த்து, தலையை அசைத்து, “சன்ஸ்ட்ரோக்” என்றார். டிரஸ்ஸர் ரப்பரை எடுத்து அழித்தார். அதன்மேல் மையால் எழுதியவன் நான்.

துரை போனபிறகு, “அந்த இடத்துல வெயிலே கெடையாதே” என்றேன்.

“காய்ச்சல்னு எழுதினா, காய்ச்சக்காரனை வேலைக்கு அனுப்பினது யாருன்னு ஒரு கேள்வி வரும், கிராணி. வெயில்னு எழுதினா யாரைப் போய்க் கேப்பாங்க?” என்றார் அவர்.

பிறகு, மனசு கேட்காமலோ என்னவோ, அந்தச் சொல்லின் கதையைச் சொன்னார். முதலில் பிரெஞ்சுக்காரர்கள் சூரியனின் அடி என்று சொல்லிவந்தார்களாம். அதை இங்கிலீஷ்காரர்கள் தங்கள் பேச்சில் மாற்றி, கொஞ்ச காலம் ‘ஸ்ட்ரோக் ஆஃப் தி சன்’ என்று நீட்டிச் சொல்லிப் பார்த்து, பிறகு இரண்டு சொல்லையும் ஒன்றாக ஒட்டிவிட்டார்களாம். ஸ்ட்ரோக் என்பது அடி மட்டுமல்ல. கடிகார மணி அடிப்பதும் அதுதான், நீச்சலில் கை வீசுவதும் அதுதான், பேனாவின் ஒரு கீற்றும் அதுதான், பூனையைத் தடவிக் கொடுப்பதும் அதுதான், திடீரென்று கைகால் விழுந்துபோவதும் அதுதான். கிளப்பில் ஒரு துரை அளவுக்கு மீறிக் குடித்து விழுந்தால், வெயில் பட்டுவிட்டது என்பார்களாம். தனி பங்களாவில் இருந்து புத்தி பேதலித்தவரைக் கப்பலேற்றும்போதும் அதையேதான் சொல்வார்களாம். எங்கள் துரை பொய் சொன்னார் என்றுகூட என்னால் இன்று அடித்துச் சொல்ல முடியவில்லை. நிழலிலும் தொப்பி போடுகிறவர் அதை நம்பியும் இருக்கலாம். நம்பாமல் எழுதியது நான்தான்.

பாப்பாயிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காய்ச்சல் என்று எழுதினால் அடுத்த வரியில் நான் வருவேன். கடைசியில், ‘செங்கோடன் வேலை செய்யும் இடத்தில் வெயில் அடித்து இறந்துபோனார்’ என்று எழுதி அனுப்பினேன். சில மாதம் கழித்துச் செங்கோடன் பேருக்கே ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. ‘உசுரோட இருந்தா ஒரு வரி போடுங்க’ என்று மட்டும் இருந்தது. துக்கத்தில் எழுதியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

மூன்றாவது வருஷம் எனக்கு ஊருக்குப் போக லீவு கிடைத்தது. கரூரில் ரயில் இறங்கி, பரிசலில் காவேரி தாண்டி வேலூர் போய்ச் சேர்ந்தேன். பங்குனி மாதம். எங்கள் வாழைத் தோட்டத்திலேயே வெயில் கண்ணைக் கூசவைத்தது. எத்தனை நாளைக்கு லீவு, எப்ப ஊருக்கு என்றே எல்லோரும் கேட்டார்கள். அவர்கள் ஊர் என்றது மலாய் நாட்டை. பத்து நாள் தள்ளிப்போட்டு, ஒரு காலையில் பரமத்திக்கு வடக்கே நடந்தேன். ஆறு கண்ணுக்கு மறைந்ததும் பச்சையும் மறைந்துவிடுகிறது. சிவந்த மேடு, வேலா மரம், தூரத்தில் மொட்டைப் பாறை. நான் குடை பிடித்திருந்தேன். எதிரே வந்தவர்கள் குடையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

பாப்பாயி ஒரு பருத்திக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் சொல்லி அனுப்பியதும் மடியில் பருத்தியோடு வந்து வேலா மரத்தடியில் நின்றார். கழுத்தில் தாலி இருந்தது. அன்று காலையில் மஞ்சள் பூசியதுபோல் கயிறு பளிச்சென்று இருந்தது. நான் மனதில் கட்டிக்கொண்டு போன வார்த்தை எல்லாம் அதோடு போயிற்று.

“நான் மலாய் நாட்டுலருந்து வாரேனுங்க. செங்கோடன் இருந்த தோட்டத்துக் கிராணி” என்றேன்.

நான் ‘ங்க’ போட்டுப் பேசியதில் அவர் இரண்டடி பின்வாங்கினார். பிறகு கேட்டார்: “அவரு எப்படி இருக்காருங்க, சாமி?”

“கடுதாசி வரலீங்களா?”

“வந்துச்சுங்க. வெயில் அடிச்சுச் செத்துப்போனாருன்னு படிச்சாங்க. வெயிலு அடிக்காத நாளு ஏதுங்க? சித்திரையில கெணத்துக்குள்ள நின்ன மனுசனுங்க அவரு. அங்கிருந்து வந்த ஒருத்தரைக் கேட்டேன். ரப்பர்க் காட்டுல வெயிலே உளுகாதுன்னு சொன்னாருங்க. காரணம் பொய்யின்னா சாவும் பொய்யாத்தானுங்களே இருக்கோணும்.”

அவரே மேலே சொன்னார். முன்னால் வந்த கடிதங்களும் இந்தக் கடிதமும் ஒரே கையெழுத்து என்று கடிதத்தைப் படித்துச் சொன்னவர் காட்டினாராம். அங்கே வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, அவரேதான் இப்படி எழுதச் சொல்லியிருக்கிறார் என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்களாம். கருமாதி செய்யவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்ற பேரோடு மூன்று வருஷம் அவர் அந்த ஊரில் நடமாடியிருக்கிறார்.

“என்ன பேரு வெச்சாலும் சரின்னு இருந்தேனுங்க. எங்கியோ நல்லா இருந்தாச் சரி” என்றார்.

அந்த இடத்தில் ஒரு நிமிஷம், ஆமாம், நல்லா இருக்கார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். ஆனால் இன்னொரு பொய்யைச் சுமக்க என்னிடம் தெம்பு இல்லை. குடையை மடக்கிக் கீழே வைத்தேன்.

“அவரு செத்தது நெசமுங்க. வெயிலால இல்லீங்க, குளுர்காச்சல். மூணு நாளாக் காச்சலோட இருந்தாரு. முடியாதுன்னு அன்னிக்குக் காலையில சொன்னாரு. போயிட்டு வாங்கன்னு அனுப்புனது நானுங்க. வெயிலுன்னு எழுதுனதும் நான்தானுங்க.”

அவர் அழவில்லை. மடியில் இருந்த பருத்தியை அவிழ்த்து மெதுவாகத் தரையில் கொட்டினார்.

“பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?”

“நான் இருந்தேனுங்க. தண்ணி கண்டுச்சான்னு கேட்டாரு. கண்டாச்சுன்னு சொன்னேன்.”

கொட்டிய பருத்தியில் ஒட்டியிருந்த சருகைப் பொறுக்கிப் போட்டார். பிறகு, “காச்சல்னு எழுதியிருந்தா நான் நம்பியிருப்பேனுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “மூணு வருசமா அந்த மனுசனை மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டிருந்தேனுங்க, சாமி. செத்துப்போனவரை.”

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். படித்துச் சொன்னவரிடம் வந்து இதையே சொல்லச் சொன்னார். இருவரும் ஊருக்குள் நடந்தோம். நாலு பேர் கூடிய இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மறுவாரம் கருமாதி நடந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதுதான் சரி.

திரும்பி வந்தபோது தோட்டத்தில் வேறு துரை. பழைய பதிவைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டது பிடிபடவில்லை. எழுத்துப் பிழையா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் திருத்த என்ன இருக்கிறது என்று பேரேட்டை மூடிவிட்டார். அன்றிலிருந்து என்னால் முடிந்தது ஒன்றுதான். காய்ச்சல் என்று யார் சொன்னாலும் சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். அதற்காகப் பேச்சு வாங்குகிறேன். அப்படியும் சாவு வராமல் இல்லை. வந்தால் இங்கிலீஷில் ஒன்று எழுதுகிறேன், தமிழில் ஒன்று எழுதுகிறேன்.

இன்று காலையிலும் அப்படி ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஓமலூர்க்காரர் ஒருவர். இங்கிலீஷ்த் தாளில் துரை சொன்ன சொல்லை எழுதி, தோட்டத்தின் பேருக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அவர் வீட்டுக்குப் போகும் தமிழ்த் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதி, பரமத்தி வேலூர் என்று ஊரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். மை காய இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்திருந்தேன். காய்ந்ததும் ஒன்றைத் துரையின் அறைக்கு எடுத்துப் போனேன். மற்றொன்று மடித்தபடி என் சட்டைப் பைக்குள் இருந்தது.