கோசு தின்ற வெட்டுக்கிளி

மிருகக்காட்சிசாலையில் அவளுக்கு எருக்கு அக்கா என்று பேர். பூச்சிக்கூடத்து வெட்டுக்கிளிகளுக்கு எருக்கஞ்செடி வெட்டி வருகிறவள், அதனால் வந்த பேர் என்று அவள் முகத்துக்கு எதிரே சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்கிற காரணம் அவள் வாய். டிக்கெட் கொடுக்கிறவர் ஒருநாள் தெரியாத்தனமாக, "என்னக்கா, இன்னிக்கு லேட்டா?" என்று வாயைக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவள் வருகிற நேரத்தில் மேஜைக்கு அடியில் எதையாவது தேடிக்கொண்டிருப்பதே அவருக்குப் பிழைப்பாகப் போயிற்று.

அந்த வெட்டுக்கிளிக்குத்தான் என்ன திமிர்! விரல் நீளம் இருக்கும். மஞ்சள் உடம்பு, அதில் நீலமும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக வரி. மற்ற பூச்சியெல்லாம் இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு உயிர் பிழைக்கும். இது கிளை நுனியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து நிதானமாக மெல்லும். எருக்கம்பாலில் இருக்கிற விஷத்தைத் தின்று தின்று தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஒன்றும் ஆகாது. கை வைத்தால் ஒரு கசப்புத் தண்ணியைப் பீச்சும். கொத்திய பறவைக்குக் குமட்டிக்கொண்டு வரும், மீறித் தின்றால் நெஞ்சுத் துடிப்பே தடுமாறும். ஒரு தடவை பட்ட பறவை அந்த நிறத்தை ஆயுசுக்கும் மறக்காது.

இதைத்தான் தினமும் மத்தியானம் பூச்சிக்கூடத்து சூப்பர்வைசர் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்குவார். அவர் கையைக் காட்டியதும் அவள் ஒரு வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்து மைனாக் கூண்டுக்குள் விடுவாள். கிழட்டு மைனா ஒரு பார்வை பார்க்கும். பிறகு கடன்காரனைக் கண்ட மாதிரி கம்பியின் மறுகோடிக்கு நகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கூட்டம் கைதட்டும். அவள் வெட்டுக்கிளியை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

முன்பெல்லாம் எருக்கு மதில் ஓரத்திலேயே மண்டிக் கிடந்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று அத்தனையையும் வழித்து எறிந்துவிட்டார்கள். அடுத்த புதர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பால் கண்ணில் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடி, கையுறை, அரிவாள், சாக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். வலது முழங்கால் ஒவ்வொரு படியிலும் உயிரை வாங்கியது. ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டாள். கேன்டீன் பின்புறம் முட்டைக்கோசின் மேல் இலைகள் கூடையில் கிடந்தன. அள்ளிக்கொண்டு போய்ப் போட்டாள். வெட்டுக்கிளிகள் மொய்த்துக்கொண்டு தின்றன.

மறுநாளும் கோசுதான். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. வெட்டுக்கிளிக் குஞ்சுகள் வளர்ந்து இறக்கை விட்டன. அதே மஞ்சள், அதே நீலம். மத்தியானம் மைனாவும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுவே திரும்பிக்கொள்கிறதே, அப்புறம் என்ன கெட்டுப்போயிற்று என்று அவள் மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

உண்மையில் அவளுக்கு எல்லாமே அலுத்துப் போயிருந்தது. திட்டுவதும் அலுத்துவிட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் ஒன்றும் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்கு டவுசர் இடுப்பில் நிற்காத வயசு. உதவிக்கு என்று வந்த சொந்தக்காரர்கள் பையனை ஏதாவது கடையில் சேர்த்துவிடலாம், இவளைப் பெண்டாட்டி செத்த ஒரு கிழவனுக்குக் கட்டிவிடலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தது. வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். பிறகு வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா, வழியில் பல்லைக் காட்டியவன் என்று ஒவ்வொருவராக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த வாய் இல்லையென்றால் தம்பி படித்திருக்க மாட்டான். அவனும் அதை மறக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கல்யாணமாகித் தலை நரைக்கத் தொடங்கியும் அக்காவிடம் பேசும்போது ஒரு காலை வாசல் பக்கமே வைத்திருப்பான்.

இப்போது தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. இந்த வாடகை வீட்டுக் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். தம்பி பெண்டாட்டி பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவும் வருகிறாளா, இங்கேயே இருக்கிறாளா என்ற பேச்சை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு வார்த்தை கூப்பிட்டால் போதும், வேலையை உதறிவிட்டுக் கிளம்பிவிடுவாள். தானாகக் கேட்கவோ நாக்கு எழவில்லை. ஒருநாள் சமையலறையில் கிசுகிசுப்பு கேட்டது.

"நீங்களே கேளுங்க. உங்க அக்காதானே?"

"நீ கேளேன். எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

அவள் வேண்டுமென்றே செருமிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு பேரும் பாத்திரம் துடைக்க ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் கிழட்டு மைனாவை ஓய்வுக் கூண்டுக்கு மாற்றிவிட்டு ஒரு குஞ்சு மைனாவைக் கொண்டுவந்தார்கள். "புதுசு. இன்னும் எதையும் பார்த்ததில்லை. ஒரு கொத்து கொத்தும், துப்பிடும். அதோட பாடம் படிச்சிடும்" என்று சூப்பர்வைசர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வேறு வழியில்லாமல் அவள் ஒரு வெட்டுக்கிளியை இடுக்கியில் பிடித்து உள்ளே விட்டாள்.

குஞ்சு மைனா தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரே கொத்து. பூச்சியின் இறக்கையை உதறிப் போட்டுவிட்டு முழுசாக விழுங்கியது. அலகைக் கம்பியில் துடைத்துக்கொண்டு, இன்னொன்று இருக்கிறதா என்று அவள் கையையே பார்த்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

எல்லாரும் போனபிறகு சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார்.

"எருக்குதானே போடறீங்க?"

"கோசு" என்றாள். "கொஞ்ச நாளாவே கோசுதான்."

"அதான் உடம்புல விஷம் ஏறலை. நெறம் மட்டும்தான் மிச்சம். அந்தக் கிழட்டு மைனா பழைய நெனப்புல இத்தனை நாளா பயந்துட்டு இருந்திருக்கு பாருங்க." அவர் கோபப்பட்டிருக்கலாம்; படவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கால் முடியலைன்னா சொல்லியிருக்கலாமே. வண்டி அனுப்பியிருப்பேன்."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எப்படிக்கா கேக்கறது? கேட்டா கடிச்சுக் குதறிடுவீங்களே!"

அவள் இடுக்கியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனாள். அவளிடம் திட்டு வாங்காமல் ஒருவர் தப்பியதை அந்தப் பூச்சிக்கூடம் அன்றுதான் பார்த்தது.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். தம்பி நாற்காலியில் ஏறிப் பரணில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அக்கா... உங்க துணிமணியெல்லாம்..."

"என் துணியை யாரும் தொட வேண்டாம்!"

வார்த்தை தானாகப் பீச்சிக்கொண்டு வந்துவிட்டது. அதில் கோபமே இல்லை, வெறும் பழக்கம். ஆனால் அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். பரணில் உருட்டல் நின்றது.

"ஏம்மா, நில்லு" என்றாள் அக்கா. "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கேக்க வந்ததைக் கேளு." அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை என்றதும் அவளே கேட்டுவிட்டாள். "என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

தம்பி நாற்காலியை விட்டு இறங்கினான். கண்ணைப் பார்க்கவில்லை.

"நீ வரமாட்டேன்னு நெனச்சுட்டோம்க்கா. கேட்டா கத்துவியேன்னு... ஒரே ஒரு ரூம் இருக்கற வீடா பேசி முடிச்சுட்டேன்."

டீயில் ஆடை படிந்தது. இத்தனை வருஷம் அவனுக்காக யார் யாரையோ விரட்டியவள், அவனையும் அல்லவா விரட்டியிருக்கிறாள்! கத்த வேண்டும் என்றுதான் வந்தது. நெஞ்சு வரைக்கும் வந்து, அங்கே ஒன்றும் இல்லாமல் அடங்கிப்போயிற்று.

"ஹால் இருக்கும்ல?" என்றாள்.

தம்பி விறுவிறுவென்று மறுபடியும் நாற்காலியில் ஏறி, பரண் கோடியில் கிடந்த அவளுடைய பழைய பெட்டியை இழுத்தான். கண்ணில் நீர் மறைக்க இழுத்ததில் தூசி மொத்தமும் கீழே இருந்தவர்கள் தலையில் கொட்டியது.

"துடைச்சிட்டு எடுடா, தடிமாடு!" என்றாள் அவள்.

தம்பி பெண்டாட்டி இந்தத் தடவை நகரவில்லை. முந்தானையை உதறி, அவள் தலையில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.